முன்னோடிக்குத் தோன்றாதது

குஷன் கடைக்காரரை அந்தத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. முன்னோடி என்றுதான் கூப்பிடுவார்கள். எதிர்வரிசையில் சாவி வெட்டிக்கொடுப்பவர் கிண்டலுக்கு வைத்த பட்டம் அது. ஆனால் அது கிண்டல் என்பது முன்னோடிக்கு இன்றுவரை உறைக்கவில்லை. "என்ன முன்னோடி, சௌக்கியமா?" என்று யாராவது கேட்டால் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, பரிசு வாங்க மேடைக்குப் போகிறவர் மாதிரி கழுத்தை நிமிர்த்திக்கொண்டுதான் பதில் சொல்வார்.

பட்டத்துக்குக் காரணம் அவருடைய வாய். உலகத்தில் புதிதாக எது வந்தாலும் "இதை நான் அப்பவே நினைச்சேன்" என்பார். பெட்டிக்குச் சக்கரம் வைத்து இழுத்துக்கொண்டு போகிறார்களே, அது அவர் பள்ளிக்கூடம் போகும்போதே நினைத்தது. போனில் படம் பிடிப்பது கல்யாணத்துக்கு முன்னால் நினைத்தது. மாடி வீட்டுப் பெண் தன்னோடு வேலை பார்ப்பவனையே கட்டிக்கொண்டதையும், புதிதாகத் திறந்த துணிக்கடை ஆறே மாதத்தில் மூடியதையும் கூட அவர் அப்பவே நினைத்திருந்தார். ஒருநாள் சாப்பாட்டில் உப்பு இல்லை. "அடுப்புல இருக்கும்போதே நினைச்சேன், உப்பு இருக்காதுன்னு" என்றார். "நினைச்ச மனுஷன் அப்பவே வாயைத் திறந்திருக்கலாமே" என்று சொல்லி, மனைவி உப்பு டப்பாவை அவர் முன்னால் வைத்தாள்.

அதற்காக மனிதரை வெறும் வாய்ச்சவடால் என்று தள்ளிவிட முடியாது. தொழிலில் கெட்டிக்காரர். ரெக்ஸினில் கோடு போடாமலே கத்தரிப்பார், அளவு ஒரு நூல் பிசகாது. அவர் தைத்த சோபாவில் தையல் எங்கே ஆரம்பித்தது, எங்கே முடிந்தது என்று தேடிக் கண்டுபிடிப்பதற்குள் உட்காரவந்த விருந்தாளி எழுந்து வீட்டுக்கே போய்விடலாம். பழைய நாற்காலியின் முதுகுப் பொத்தான்களை அவர் இழுத்துக் கட்டும் அழகைப் பார்க்கவே சிலர் கடை வாசலில் நிற்பதுண்டு. அப்படி நிற்பவர்களை அவர் விரட்டவும் மாட்டார்.

அவருக்கு ஆகாத வேலை ஒன்றே ஒன்றுதான். உரிப்பது. புதுத்துணி போட வேண்டுமென்றால் முதலில் பழைய துணியை உரிக்க வேண்டும். பழைய துணியை மரச்சட்டத்தோடு பிடித்துக்கொண்டு நானூறு, ஐந்நூறு ஸ்டேப்ளர் பின்கள் இருக்கும். ஒவ்வொரு பின்னையும் பிடுங்க வேண்டும். அதற்கு இரண்டு கருவிகள். ஒன்று நெம்பி, திருப்புளி மாதிரி இருக்கும், நுனி மட்டும் பாம்பு நாக்காகப் பிளந்திருக்கும். அதைப் பின்னுக்கு அடியில் செருகி நெம்பினால் பின் அரைகுறையாக எழும்பும். பிறகு நெம்பியைக் கீழே வைத்துவிட்டுக் குறடை எடுத்துப் பிடித்து இழுக்க வேண்டும். பிறகு குறடை வைத்துவிட்டு நெம்பியை எடுக்க வேண்டும். ஒரு சோபாவுக்கு ஐந்நூறு தடவை வைப்பு, ஐந்நூறு தடவை எடுப்பு. கலைஞனுக்கு இது கட்டுப்படியாகுமா? அதனால் அந்த வேலையைத் தன் தங்கையின் தலையில் கட்டியிருந்தார்.

தங்கையும் அப்பாவிடம் அதே தொழிலைக் கற்றவள்தான். ஆனால் கடையின் முன்மேஜை அண்ணனுக்கு, பின்மேஜை அவளுக்கு என்று ஆகிப்போயிற்று. யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை, அப்படியே ஆகிவிட்டது. பதினோரு வருஷம் அவள் அந்தப் பின்மேஜையில் பின் பிடுங்கினாள். வலது மணிக்கட்டில் எப்போதும் ஒரு துணிக்கட்டு இருக்கும். வலிக்கிறதா என்று அண்ணன் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.

அந்தப் பதினோரு வருஷத்தின் கடைசியில் அவள் ஒரு கருவி செய்தாள். பார்ப்பதற்குக் குறடு மாதிரிதான் இருக்கும். ஆனால் கீழ்த்தாடை மேல்தாடையைவிட நகத்தளவு நீளம். அதன் நுனி நெம்பி மாதிரி பிளந்திருக்கும், முதுகு உருண்டையாக இருக்கும். உள்ளே ஒரு சுருள்கம்பி இருப்பதால் வாய் எப்போதும் திறந்தே நிற்கும். கீழ்த்தாடையைப் பின்னுக்கு அடியில் செருகி, கையை அழுத்தினால் மேல்தாடை வந்து பின்னைக் கவ்வும். அந்த உருண்டை முதுகில் அப்படியே சாய்த்தால் பின் இரண்டு காலோடும் முழுசாக வெளியே வந்துவிடும். வைப்பு இல்லை, எடுப்பு இல்லை. உரிப்பான் என்று பெயர் வைத்தாள். காப்புரிமைக்கு எழுதிப் போட்டாள், கிடைத்தது. இரண்டு தெரு தள்ளி ஒரு சின்னப் பட்டறை எடுத்து, மூன்று பெண்களை வேலைக்கு வைத்துக்கொண்டு உரிப்பான்களைச் செய்து அனுப்ப ஆரம்பித்தாள்.

முன்னோடி என்ன சொல்லியிருப்பார் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? பின்மேஜை காலியான அன்றிலிருந்து, கடைக்கு வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் அதைத்தான் சொன்னார். சக்கரப் பெட்டியைப் பற்றிச் சொன்னதைவிடச் சத்தமாகவே சொன்னார்.

சொல்லக் கூடாத ஒருத்தரிடமும் சொன்னார். பெரிய கருவிக் கம்பெனி ஒன்றிலிருந்து ஒரு விற்பனைக்காரர் கடைக்கு வந்தார். மடிப்புக் கலையாத சட்டை, பணிவான பேச்சு. முன்னோடி வெட்டுவதைக் கொஞ்ச நேரம் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மெதுவாக உரிப்பானைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தார்.

"இதுல என்ன சார் இருக்கு? குறடு, நெம்பி, ரெண்டையும் சேர்த்தா அதுதானே? இந்தத் தொழில்ல இருக்கிற யாருக்கும் தோணும். நான் அப்பவே நினைச்சது" என்றார் முன்னோடி.

"உங்களை மாதிரி அனுபவசாலி சொன்னா அதுக்கு ஒரு மதிப்பு இருக்குங்க. இதை எழுதித் தர முடியுமா?"

கேட்க வேண்டுமா? சொன்னதைச் சொன்னபடி எழுதி, கீழே வால் நீண்ட கையெழுத்து ஒன்றும் போட்டுக் கொடுத்தார். எதற்கு என்று கேட்கவில்லை. தன் கருத்தை ஒருவர் காகிதத்தில் வாங்கிக்கொண்டு போகிறார் என்ற பெருமையில் அன்று முழுக்க அவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

இரண்டு மாதம் கழித்து, ஒரு காலை வேளையில் தங்கை வந்தாள். கடைக்குள் வந்ததும் வழக்கமாகப் பின்மேஜையைத்தான் பார்ப்பாள். அன்று நேராக முன்மேஜைக்கு வந்து, விரித்திருந்த ரெக்ஸின் மேல் ஒரு காகிதத்தை வைத்தாள்.

"அண்ணா, இது உன் கையெழுத்துதானே?"

மறுக்கவா முடியும்? அந்த வாலை வேறு யார் போடுவார்கள்?

"அந்தக் கம்பெனிக்காரங்க என் பேட்டன்ட்டை ரத்து பண்ணச் சொல்லி மனு போட்டிருக்காங்க. குறடு பழசு, நெம்பி பழசு, ரெண்டையும் சேர்க்கிறது சாதாரணமா வேலை தெரிஞ்ச எவருக்கும் தோணுற விஷயம், அதனால இது கண்டுபிடிப்பே இல்லைன்னு சொல்றாங்க. அதுக்குச் சாட்சி நீ."

"நான் எதுக்குச் சாட்சி? ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

"பேச்சுக்குச் சொன்னதை எழுதிக் கொடுத்திருக்கியே."

முன்னோடி காகிதத்தை எடுத்துப் பார்த்தார். தன் கையெழுத்துக்கு மேலே யாரோ தட்டச்சு செய்து சேர்த்திருந்த வரியில் அவர் கண் குத்திட்டு நின்றது. 'இத்துறையில் சாதாரணத் திறமை உடையவரான இவர்' என்று இருந்தது.

"சாதாரணத் திறமையா? யாரைச் சொல்றான்?" என்றார்.

தங்கை அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். கோபப்பட்டிருந்தால்கூட அவருக்குத் தேவலை போலிருந்திருக்கும். "பேட்டன்ட் போச்சுன்னா அடுத்த மாசமே அவங்க இதை ஆயிரக்கணக்குல அடிச்சு இறக்கிடுவாங்க. பட்டறையை மூடிட்டு நான் திரும்ப இங்கதான் வரணும்" என்று பின்மேஜையைக் கண்ணால் காட்டினாள். "அடுத்த செவ்வாய்க்கிழமை விசாரணை. உன்னையும் கூப்பிட்டிருக்காங்க." காகிதத்தை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். முன்னோடி ஆறு வருஷமாக யாரிடமும் சொல்லாதது.

தங்கை பின்மேஜையில் இருந்த கடைசி வருஷம். ஒருநாள் அவள் சீக்கிரம் வீட்டுக்குப் போய்விட்டாள். முன்னோடி ஏதோ தேடிப் பின்மேஜைக்குப் போனார். அங்கே ஒரு குறடு கிடந்தது. கீழ்த்தாடை மேல்தாடையைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தது; நுனியில் பிளவு வேறு. அடி வாங்கி விரிசல் விட்டிருக்கிறது, மேல்தாடை தேய்ந்திருக்கிறது, இதை வைத்துக்கொண்டு இந்தப் பெண் எப்படித்தான் வேலை செய்கிறாளோ என்று நினைத்தார். அண்ணன் பாசம் பொங்கிவிட்டது. எதிர்வரிசைக்குப் போய்ச் சாவிக்காரரின் சாணையில் பிடித்து, நீண்டிருந்ததை எல்லாம் ராவித் தள்ளி, இரண்டு தாடையையும் கண்ணாடி மாதிரி சமமாக்கினார். எண்ணெய் போட்டுத் துடைத்து, எடுத்த இடத்திலேயே கொண்டுவந்து வைத்தார். காலையில் தங்கை பார்த்துச் சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தார்.

தங்கை பார்த்தாள். அன்றிலிருந்து தினமும் போகும்போது தன் குறடைக் கைப்பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துப்போக ஆரம்பித்தாள், அவ்வளவுதான். ஆறேழு மாதம் கழித்து அவள் உரிப்பானைக் கொண்டுவந்து காட்டியபோது முன்னோடிக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. நீட்டிக்கொண்டிருக்கும் அந்தக் கீழ்த்தாடையையும் அந்தப் பிளவையும் அவர் ஏற்கெனவே ஒருமுறை பார்த்திருக்கிறார். பார்த்தது மட்டுமா, ராவித் தள்ளியும் இருக்கிறார். அப்போதுதான் அவர் வாயிலிருந்து 'இதை நான் அப்பவே நினைச்சேன்' என்ற வாசகம் வந்தது. அது ஏன் அவ்வளவு சத்தமாக வந்தது என்பது இப்போது உங்களுக்கும் புரிந்திருக்கும்.

செவ்வாய்க்கிழமைவரை மனிதர் சரியாகச் சாப்பிடவில்லை. வெள்ளிக்கிழமை ஒரு மெத்தை உறையைத் தலைகீழாகத் தைத்துவிட்டு, பிரித்துத் திரும்பத் தைத்தார். மனைவிதான் கடைசியில் பிடித்து உட்காரவைத்து, காகிதத்தை இரண்டு தடவை படித்தாள். அவளுக்குச் சட்டம் தெரியாது. ஆனால் இருபத்தாறு வருஷமாக இந்த மனிதரோடு வாதாடிப் பழகியவள்.

"இதுல ஒரு ஓட்டை இருக்குங்க" என்றாள். "சாதாரணமா வேலை தெரிஞ்ச ஆளுக்குத் தோணினாதான் பேட்டன்ட் செல்லாது. நீங்க சாதாரண ஆள் இல்லைன்னு வச்சுக்குங்க. பெரிய மேதை. மேதைக்குத் தோணினது கணக்குல வராது. அதையே சொல்லிடுங்க."

முன்னோடி நிமிர்ந்து உட்கார்ந்தார். எவ்வளவு அழகான வழி. சொன்ன சொல்லை வாபஸ் வாங்க வேண்டாம், தங்கையும் தப்பித்தாள், தான் மேதை என்பதும் அரசாங்கப் பதிவேட்டில் ஏறிவிடும். சாணை விஷயத்தைப் பற்றி யாரும் கேட்கப்போவதும் இல்லை. "இதைத்தான் நானும் அப்பவே…" என்று ஆரம்பித்தார். மனைவி பார்த்த பார்வையில் மிச்சத்தை மென்று விழுங்கினார்.

விசாரணை காப்புரிமை அலுவலகத்தின் மூன்றாவது மாடியில் ஒரு நீள அறையில் நடந்தது. விசாரணை அதிகாரி வழுக்கைத்தலை, மெல்லிய குரல். ஒருபக்கம் கம்பெனி வக்கீல், எதிர்ப்பக்கம் தங்கையும் அவளுடைய வக்கீலம்மாவும். அதிகாரியின் நாற்காலியில் துணி ஒரு மூலையில் கிழிந்து, பின்கள் கோணல்மாணலாக அடித்திருந்ததைப் பார்த்து முன்னோடிக்குக் கை பரபரத்தது. வந்த வேலையை நினைத்து அடக்கிக்கொண்டார்.

கம்பெனி வக்கீல் எழுந்தார். "எத்தனை வருஷமா இந்தத் தொழில்ல இருக்கீங்க?"

"முப்பத்தொரு வருஷம்."

"அப்போ சாதாரணமா வேலை தெரிஞ்சவர்னு உங்களைச் சொல்லலாம், இல்லையா?"

முன்னோடி இதற்காகத்தானே காத்திருந்தார். "சொல்லக் கூடாதுங்க. நான் சாதாரண ஆள் இல்லை. கோடு போடாம ரெக்ஸின் வெட்டுற ஆளு இந்த வட்டாரத்துல நான் ஒருத்தன்தான். மத்தவங்களுக்குத் தோணாதது எனக்குத் தோணும். அது என் தனித்திறமை."

வக்கீலம்மா முகத்தில் லேசாகச் சிரிப்பு ஓடியது. அதிகாரி எழுதிக்கொண்டார். எல்லாம் மனைவி சொன்னபடியே நடக்கிறது என்று முன்னோடி நினைத்தார். ஆனால் எதிரில் நின்றவரும் வக்கீலாயிற்றே.

"ஒத்துக்கறேன். நீங்க மேதைதான். இந்த யோசனை உங்களுக்கு எப்போ வந்தது?"

"அது… ரொம்ப முன்னாடியே."

"உங்க தங்கை உங்க கடையிலதான் வேலை பார்த்தாங்க. அப்போ உங்ககிட்டேயிருந்து அவங்களுக்கு வந்திருக்கலாம். இல்லை, ஒரே கடையில வேலை பார்த்த ரெண்டு பேருக்கும் தனித்தனியாத் தோணியிருக்கலாம். ரெண்டு பேருக்குத் தோணினது நாலு பேருக்குத் தோணாதா? எப்படிப் பார்த்தாலும் இது அவங்க கண்டுபிடிப்பு இல்லையே, ஐயா" என்று அதிகாரி பக்கம் திரும்பி, வக்கீல் உட்கார்ந்துவிட்டார்.

முன்னோடியின் முகத்தில் ஈ ஆடவில்லை. மேதை என்று சொல்லிக்கொண்டதில் தங்கையின் கழுத்துக்கு இன்னொரு சுருக்குப் போட்டதுதான் மிச்சம். போய் உட்காரச் சொன்னார்கள். எந்த நாற்காலியில் உட்கார்ந்தோம் என்றே தெரியாமல் உட்கார்ந்தார்.

அடுத்தது தங்கை. அதிகாரி அவளிடம் பொறுமையாகத்தான் கேட்டார். "இதை நீங்களே படிப்படியாச் செஞ்சீங்கன்னு காட்டணும்மா. முதமுதல்ல செஞ்சு பார்த்த கருவி கையில இருக்கா?"

"இல்லைங்க. கெட்டுப்போச்சு."

"எப்படி?"

"சாணையில பட்டுருச்சு."

"யார் சாணை பிடிச்சது?"

தங்கை மேஜையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "ஞாபகம் இல்லைங்க."

கம்பெனி வக்கீல் 'பார்த்தீர்களா' என்பதுபோல் கையை விரித்தார். வக்கீலம்மா தங்கையின் காதில் என்னவோ சொன்னாள். தங்கை தலையை ஆட்டி மறுத்துவிட்டாள்.

முன்னோடிக்குக் காதில் 'சாணை' என்ற சொல் மட்டும் நின்றது. சாணை பிடித்ததை அவர் யாரிடமும் சொன்னதில்லை. அப்படியானால் இவளுக்கு அன்று காலையே தெரிந்திருக்கிறது. ஆறு வருஷமாகத் தெரிந்திருக்கிறது. அவர் ஊரெல்லாம் தன் யோசனை என்று சொல்லிக்கொண்டு திரிந்த ஒவ்வொரு நாளும் தெரிந்திருக்கிறது. அண்ணன் ராவித் தள்ளினான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இந்த அறையிலேயே வழக்கு திரும்பிவிடும். சொல்ல மாட்டேன் என்கிறாள். நாலு பேர் முன்னால் அண்ணன் முகம் கறுக்கக் கூடாது என்று பட்டறையையே கொடுக்கத் துணிந்துவிட்டாள். அவருக்கு வெட்கத்தில் காது மடலெல்லாம் சுட்டது.

எழுந்து நின்றார். "ஐயா, எனக்கு ஞாபகம் இருக்கு."

அதிகாரி மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "நீங்க சொல்ல வேண்டியதைச் சொல்லியாச்சே."

"அது நான் பேசினதுங்க. இது நடந்தது."

"அண்ணா, உட்காரு" என்றாள் தங்கை. அவர் உட்காரவில்லை. அதிகாரி சொல்லச் சொன்னார்.

வாழ்க்கையில் எந்தக் கதையையும் தன்னை நடுவில் நிறுத்தாமல் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர், இதையும் தன்னை நடுவில் நிறுத்தித்தான் சொன்னார். பின்மேஜையில் அந்தக் குறடைப் பார்த்தது, சாணை பிடித்தது, எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்தது, எல்லாவற்றையும் சொன்னார். குரல் மட்டும் கடையில் பேசுகிற குரலாக இல்லை.

"ரெண்டு தாடையும் சமமா இல்லாதது உங்களுக்கு என்னன்னு பட்டது?" என்று கேட்டார் அதிகாரி.

"பழுதுன்னு பட்டதுங்க. சமமில்லாத குறடு உடைஞ்ச குறடு. எங்க தொழில்ல எல்லாரும் அப்படித்தான் நினைப்போம். தேய்ஞ்சா ராவி சமமாக்குவோம், முடியலைன்னா தூக்கிப் போட்டுடுவோம். சாணை வச்சிருக்கிற சாவிக்காரரும் பார்த்துட்டு, இது தேய்ஞ்சு போச்சுன்னுதான் சொன்னாரு. வேணும்னா அவரைக் கூப்பிட்டுக் கேளுங்க."

"வேணும்னே நீளமா வச்சிருக்காங்கன்னு ஒரு சந்தேகம்கூட வரலையா?"

முன்னோடி தங்கை பக்கம் திரும்பினார்.

"வரலைங்க. என் தங்கச்சிக்கு ஒரு குறடை ஒழுங்கா வச்சுக்கத் தெரியலைன்னுதான் நினைச்சேன்."

கம்பெனி வக்கீல் காகிதத்தை உயர்த்திக் காட்டினார். "யாருக்கும் தோணும்னு நீங்களே எழுதிக் கொடுத்திருக்கீங்களே?"

"எழுதியிருக்கேன். எனக்குத் தோணலை. குறடும் நெம்பியும் முப்பத்தொரு வருஷமா என் கடையில ஒரே டப்பாவுலதான் கிடக்குது. ஒண்ணோட ஒண்ணு இடிச்சுக்கிட்டுக் கிடக்குது. ஒருநாள்கூடத் தோணலை. இவ செஞ்சு கையில வச்சும் தோணலை. இவ முழுசா முடிச்சுக் காட்டின பிறகுதான் தோணுச்சு." அவர் நிறுத்தி, மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். "பார்த்த பிறகு எனக்கு எல்லாமே தோணும் சார்."

அதிகாரி பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தார். ரொம்ப நேரம் எழுதினார். தங்கை முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டதை முன்னோடி பார்க்காத மாதிரி இருந்தார்.

தீர்ப்பு வர ஐந்து வாரம் ஆயிற்று. அந்த ஐந்து வாரமும் அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்ளவில்லை. சண்டை எல்லாம் இல்லை, எங்கே ஆரம்பிப்பது என்று இருவருக்கும் தெரியவில்லை. தீர்ப்பு வந்த அன்று அவள் ஆள் அனுப்பினாள். முன்னோடி பட்டறைக்குப் போனார். ஐந்து வருஷத்தில் அவர் அதற்குள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. எப்போது கூப்பிட்டாலும் ஏதாவது ஒரு சோபா குறுக்கே வந்துவிடும்.

அறை சின்னது. சுவரோரமாக இரும்புத் துண்டுகள் அளவுவாரியாக அடுக்கியிருந்தன. மூன்று பெண்களும் ஒரு நீள மேஜையில் உட்கார்ந்து, ஒருத்தி தாடையை ராவ, ஒருத்தி சுருள்கம்பியைப் பொருத்த, ஒருத்தி பழைய மரச்சட்டம் ஒன்றில் பின்னைப் பிடுங்கிச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணனைப் பார்த்ததும் வேலையை நிறுத்தினார்கள்.

"பேட்டன்ட் நிலைச்சுடுச்சு" என்றாள் தங்கை. காகிதக் கட்டை நீட்டினாள். "பதினாலாவது பத்தியைப் படி. உன்னைப் பத்தி இருக்கு."

முன்னோடி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். எதையும் சத்தமாகப் படித்தே பழகியவர், இதையும் சத்தமாகவே ஆரம்பித்துவிட்டார். "இத்துறையில் முப்பத்தொரு ஆண்டு அனுபவம் உள்ள ஒருவர், இக்கருவியின் முதல் மாதிரியை நேரில் கண்டும், கையில் எடுத்தும், அதன் பயனை உணராததோடு…" இங்கே குரல் தடுமாறியது. பெண்கள் மூவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். வேண்டுமென்றால் ஒரு வரியைத் தாண்டியிருக்கலாம், கேட்பவர்களுக்குத் தெரியப்போவதில்லை. அவர் தாண்டவில்லை. "…அதன் சிறப்பம்சத்தையே பழுதெனக் கருதி அழித்துள்ளார். பழைய கருவிகள் இரண்டும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் இந்தச் சேர்க்கை எளிதில் தோன்றக்கூடியது அல்ல என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை." முற்றுப்புள்ளிவரை படித்துவிட்டுக் காகிதத்தை மடித்தார்.

"இவ்வளவு கடுமையா எழுதியிருக்க வேண்டாம்" என்றாள் தங்கை.

"சரியாத்தான் எழுதியிருக்காரு."

மேஜையிலிருந்து ஒரு உரிப்பானை எடுத்தார். சோதித்துக்கொண்டிருந்த பெண்ணிடம் மரச்சட்டத்தை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு ஒரு பின்னைப் பிடுங்கினார். இரண்டு காலோடும் முழுசாக வந்தது. இன்னொன்று பிடுங்கினார். ஊர்பூராவும் பேசியிருக்கிறாரே தவிர, அந்தக் கருவியை அவர் கையில் பிடித்து வேலை செய்தது அதுவரை இல்லை. ஏழெட்டுப் பின் பிடுங்கியபிறகு தன் வலது மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் தங்கையின் மணிக்கட்டைப் பார்த்தார். துணிக்கட்டு இல்லை.

"கை இப்ப வலிக்கிறதில்லையா?" என்று கேட்டார்.

"இல்லை. அது போய் ரொம்ப நாளாச்சு."

அவர் உரிப்பானைத் திருப்பி, அந்த உருண்டை முதுகைக் கட்டைவிரலால் தடவினார். என்னவோ சொல்ல வாயெடுத்தார். என்ன வரப்போகிறது என்று தெரிந்த மாதிரி தங்கை லேசாகச் சிரித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"இது உனக்கு எப்படித் தோணுச்சு?" என்றார்.

தங்கை சிரிப்பை நிறுத்தினாள். உண்மையாகவே கேட்கிறாரா என்று அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஒரு மழைநாள். ஒரு பெரிய சோபா, முன்னூறாவது பின்னோ என்னவோ" என்று அவள் சொல்ல ஆரம்பித்தாள். சொல்லி முடிக்க அரைமணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அவ்வளவு நேரமும் அவர் குறுக்கே பேசவில்லை.